அண்ணனை ஹோம்ல சேர்க்கறதா, ஊர்லயே ஒரு வீடு பார்த்து வெச்சுக்கறதா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

காவிரிக்கரை:

வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும்தான் இருந்தேன், எழுதறது இதான் முதல் தடவை. நீளமா போயிட்டா பொறுத்துக்கோங்க.

எங்க அண்ணனுக்கு 41 வயசு. பாலிடெக்னிக் முடிச்சு வேலைக்குப் போயி ஒரு வருஷத்துல, 22 வயசுல, ஆரம்பிச்சது. முதல்ல யாரோ பேசற மாதிரி கேக்குதுன்னான், அப்புறம் சாப்பாட்டுல ஏதோ கலக்கறாங்கன்னு ரெண்டு மூணு நாள் பட்டினி கிடந்தான், குணசீலம் கோயில்ல 48 நாள் தங்க வெச்சோம், மந்திரிச்சோம், எல்லாம் பண்ணிட்டு கடைசியாத்தான் டாக்டர்கிட்ட போனோம், மனச்சிதைவுன்னாங்க. 19 வருஷமா மாத்திரைலதான் ஓடுது. நடுவுல மூணு தடவை ஆஸ்பத்திரில சேர்த்தோம், மூணு தடவையும் மாத்திரையை நிறுத்தினதாலதான்.

இப்ப ஏழு வருஷமா பெரிய பிரச்சனை இல்ல. குரல் முழுசா போகல, ஆனா அவன் அதோட பழகிட்டான். டெல்டா பக்கம் சின்ன ஊரு எங்களுது. காலைல அஞ்சரைக்கு எழுந்து முக்கு டீக்கடைக்குப் போவான், மாஸ்டர் இவன் வர்றதைப் பார்த்ததுமே சக்கரை கம்மியா ஒரு டீ போட்டு ஓரமா வெச்சிடுவார், யாரும் பேச்சு குடுக்க மாட்டாங்க, குடிச்சிட்டு பேப்பரைப் புரட்டிட்டு வந்துடுவான். வந்ததும் காரைக்கால் பண்பலை. மதியம் தூக்கம். சாயங்காலம் அம்மாவுக்கு தண்ணி புடிச்சு வெப்பான். அவனோட நாள் இவ்வளவுதான், ஆனா அது அவனோட நாள்.

அம்மாவுக்கு 70. பங்குனி மாசம் பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சு ஆபரேஷன் ஆச்சு, இப்ப வாக்கர் வெச்சு நடக்கறாங்க. அப்பா இல்ல. நான் கோயம்புத்தூர்ல, ரெண்டு பசங்க, மாமனார் மாமியார் எங்களோடதான், வீடு ரெண்டே ரூம்.

சித்தப்பா விசாரிச்சு ஒரு பிரைவேட் ஹோம் சொன்னார், மாசம் 18,000. போன வாரம் போய்ப் பார்த்தேன். ஒரே ஹால், முப்பது கட்டில், எல்லாருக்கும் மொட்டை, எல்லாருக்கும் ஒரே நீல கலர் டிரஸ். ஒரு பெரியவர் என்கிட்ட வந்து மணி என்னம்மான்னு கேட்டார், சொன்னேன், அஞ்சு நிமிஷம் கழிச்சு இன்னொருத்தர் வந்து அதையே கேட்டார். அப்புறம்தான் கவனிச்சேன், அந்த ஹால்ல ஒரு கடிகாரம் கூட இல்ல. ஆபீஸ்ல, முதல் மூணு மாசம் பார்க்க வராதீங்க, போனும் பண்ணாதீங்க, அப்பதான் செட்டில் ஆவாருன்னாங்க. பஸ்ல வர்ற வழியெல்லாம் அழுதுட்டே வந்தேன்.

ஹோம்ல விடறதைத் தவிர வேற வழியே இல்லையா? சாதாரண வீடு எடுத்து நாலஞ்சு பேரை தங்க வெச்சு கூட ஒரு ஆள் இருந்து பார்த்துக்கற மாதிரி இருக்குன்னு எங்கயோ படிச்சேன், அது நிஜமா நடக்குதா, வசதி உள்ளவங்களுக்கு மட்டுமா? யாராவது தெரிஞ்சா சொல்லுங்க, அம்மா தினமும் ராத்திரி எனக்கப்புறம் என்ன பண்ணுவான்னு அதையேதான் கேக்கறாங்க.

வேப்பமரம்:

தங்கச்சி, நான் மனநலத் துறைல சோஷியல் ஒர்க்கரா பதினாலு வருஷமா இருக்கேன். முதல் விஷயம், நீங்க பார்த்துட்டு வந்த அந்த இடத்துல அண்ணனை விடாதீங்க. மொட்டை, யூனிஃபார்ம், பார்க்க வராதீங்க, இந்த மூணுமே சட்டப்படி தப்பு. 2017 மனநல பராமரிப்புச் சட்டத்துல 20வது பிரிவை எடுத்துப் பாருங்க, கட்டாயமா மொட்டை அடிக்கக் கூடாது, சொந்தத் துணி போட்டுக்கணும்னா யூனிஃபார்ம் போடச் சொல்லி வற்புறுத்தக் கூடாதுன்னு வெளிப்படையாவே எழுதியிருக்கு. போன் பேசறதும் யாரைப் பார்க்கறது யாரைப் பார்க்க வேணாங்கறதும் அவரோட உரிமை, அது 26வது பிரிவு. எந்த ஹோமுக்குப் போனாலும் முதல்ல கேக்க வேண்டியது மாநில மனநல ஆணையத்துல பதிவு பண்ணியிருக்கீங்களா, சர்டிபிகேட்டைக் காட்டுங்கன்னு. மழுப்பினாங்கன்னா அப்படியே திரும்பி வந்துடுங்க.

நீங்க படிச்சது நிஜம்தான், நம்ம சென்னைலயே நடக்குது. தி பான்யன்னு ஒரு அமைப்பு, 1993ல வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் ஆரம்பிச்சது, தெருவுல திரிஞ்ச மனநலம் பாதிச்ச பெண்களுக்காகத்தான் தொடங்கினாங்க. சிகிச்சை குடுத்து நிறைய பேரை அவங்கவங்க ஊருக்கே கொண்டு போய் சேர்த்தாங்க, ஆனா வீட்ல ஏத்துக்காதவங்க, ஊர் பேரே ஞாபகம் இல்லாதவங்க, அப்படி ஒரு கூட்டம் உள்ளயே தங்கிப் போச்சு. நோய் நல்லா கட்டுக்குள்ள இருக்கு, போறதுக்கு இடம் இல்லைங்கற ஒரே காரணத்துக்காக வருஷக்கணக்கா வார்டு மாதிரி இடத்துல. அவங்களுக்காக 2015ல ஹோம் அகெய்ன்னு ஆரம்பிச்சாங்க. ஊருக்குள்ள சாதாரணத் தெருவுல ஒரு வாடகை வீடு, அதுல நாலஞ்சு பேர், கூட இருக்க பர்சனல் அசிஸ்டன்ட்னு ஒருத்தர், பெரும்பாலும் அந்தப் பக்கத்து ஊர் பெண்கள்தான், பெரிய டிகிரி எதுவும் வேணாம், ட்ரெய்னிங் குடுக்கறாங்க. நர்ஸும் கேஸ் மேனேஜரும் வந்து வந்து பார்ப்பாங்க. இன்னைக்கு என்ன சமைக்கலாம், எந்த டிவி சேனல், யாரு கடைக்குப் போறது, எல்லாம் அந்த வீட்ல இருக்கறவங்க முடிவு. கேரளா, மகாராஷ்டிரா, அசாம் வரைக்கும் போயிருக்கு, உலக சுகாதார நிறுவனம் 2021ல சமூகம் சார்ந்த மனநல சேவைகளுக்குன்னு ஒரு வழிகாட்டி போட்டப்ப நல்ல உதாரணமா எடுத்துக்காட்டின சேவைகள்ல இதுவும் ஒண்ணு.

நான் பார்த்த ஒரு விஷயத்தைச் சொல்றேன். இது வேற ஒரு சின்ன குரூப் ஹோம், நான் அங்க வாரம் ஒரு நாள் போவேன். ஒரு அம்மா இருபது வருஷத்துக்கு மேல ஆஸ்பத்திரி வார்டுல இருந்தவங்க, வீட்டுக்கு மாத்தின முதல் ரெண்டு வாரம் எதுக்கெடுத்தாலும் பெர்மிஷன் கேட்டாங்க. தண்ணி குடிக்கலாமா, ஃபேன் போடலாமா, பாத்ரூம் போகலாமா. மூணாவது வாரம் நான் போனப்ப சமையல்கட்டுல நின்னு புளியைக் கரைச்சிட்டு இருந்தாங்க, என்னைப் பார்த்துட்டு, உப்பு போட்டாச்சு நீ ஒண்ணும் போடாதேன்னு அதட்டினாங்க. அவங்க கேஸ் ஷீட்ல பழைய நோட்ஸ் எல்லாம் பார்த்தீங்கன்னா தானாக எதுவும் செய்வதில்லைன்னு வருஷா வருஷம் எழுதியிருக்கும். செய்யறதுக்கு வார்டுல என்ன இருந்துச்சு சொல்லுங்க. நோய்னு நாம நினைச்சதுல பாதி அந்த இடம் குடுத்தது.

இதெல்லாம் ஏதோ தர்மம் பண்றதுன்னு நினைச்சிடாதீங்க, சட்டமே சொல்லுது. அதே சட்டத்துல 19வது பிரிவு, குடும்பம் இல்ல, குடும்பம் ஏத்துக்கல, வீடு இல்ல, வெளில வசதி இல்லைங்கற காரணத்துக்காக மட்டும் ஒருத்தரை மனநல நிலையத்துல வெச்சிருக்கக் கூடாது, ஹாஃப்வே ஹோம் (ஆஸ்பத்திரிலேர்ந்து வெளில வந்து பழகற வரைக்கும் தங்கற இடம்), குரூப் ஹோம் மாதிரி வசதிகளை அரசாங்கம் பண்ணித் தரணும். சட்டம் 2018 மே 29லேர்ந்து அமல்ல இருக்கு. ஆனா வீடுகள் அந்த வேகத்துல வரலைங்கறதும் உண்மை. 2019ல வந்த ஒரு ஆய்வுல நாட்ல உள்ள 43 அரசு மனநல மருத்துவமனைகளைப் பார்த்தாங்க, உள்ள இருக்கறவங்கள்ல மூணுல ஒரு பங்குக்கு மேல ஒரு வருஷத்தைத் தாண்டியும் அங்கயே இருக்கறவங்க.

உங்க அண்ணன் விஷயத்துல எனக்கு முக்கியமா படறது அந்த டீக்கடைதான். சக்கரை கம்மியா டீ போட்டு ஓரமா வெக்கற ஒரு மாஸ்டரை நாங்க எத்தனை ட்ரெய்னிங் குடுத்தாலும் உருவாக்க முடியாது. 300 கிலோமீட்டர் தள்ளி எவ்வளவு நல்ல இடத்துல சேர்த்தாலும் அது போயிடும். அதனால முடிஞ்சவரைக்கும் ஊரை மாத்தாம யோசிங்க.

ராம்நாட் தம்பி:

அக்கா நீங்க எழுதினதைப் படிச்சிட்டு தூக்கமே வரல, அதான் இந்த நேரத்துல எழுதறேன். எங்க பெரியக்காவை நாங்க ஒரு ஹோம்ல விட்டோம், பேரு சொல்ல விரும்பல. எங்களுக்கும் இதேதான் சொன்னாங்க, மூணு மாசம் வராதீங்கன்னு. நாங்களும் நம்பிட்டு போகல. நாலாவது மாசம் போனா அக்கா 11 கிலோ குறைஞ்சிருக்கா, தலைல முடி இல்ல, இடுப்பு வரைக்கும் முடி அவளுக்கு, அம்மா தினமும் எண்ணெய் தேச்சு பின்னி விட்டது. என்னைப் பார்த்துட்டு அழக்கூட இல்ல, சார் கையெழுத்து போடணுமான்னு கேட்டா. என்னைப் பார்த்து சார்னு. அன்னைக்கே கூட்டிட்டு வந்துட்டேன்.

எங்க ஊரு ஏர்வாடிக்குப் பக்கம். 2001 ஆகஸ்ட் 6 அந்த தீ விபத்து நடந்தப்ப நான் எட்டாவது படிச்சிட்டிருந்தேன். மனநலம் பாதிச்சவங்களை தங்க வெச்சிருந்த கொட்டகை விடியக்காலைல பத்திக்கிச்சு, சங்கிலி போட்டுக் கட்டியிருந்ததால ஓட முடியல, 28 பேர் செத்துப் போனாங்க. எங்க மாமா பார்க்கப் போயிட்டு வந்து ரெண்டு நாள் சோறு திங்கல. அதுக்கப்புறம் அந்தக் கொட்டகை எல்லாத்தையும் மூடினாங்க, கோர்ட்டு தலையிட்டுச்சு, இப்ப சங்கிலியே போடக் கூடாதுன்னு சட்டமும் வந்துடுச்சு, ஆனா நான் கேக்கறது என்னன்னா அந்தக் கொட்டகைல கொண்டு போய் விட்டவங்க யாரும் கெட்டவங்க இல்லக்கா, எங்க வீடு மாதிரி, உங்க வீடு மாதிரி போக்கிடம் இல்லாதவங்கதான். பக்கத்துல டாக்டர் இல்ல, மாத்திரை இல்ல, பார்த்துக்க ஆள் இல்ல. அது இல்லாத வரைக்கும் கொட்டகை வேற பேர்ல வந்துட்டேதான் இருக்கும்.

அக்கா இப்ப எங்க வீட்டுக்குப் பின்னாடி ஒரு ரூம் எடுத்து அதுல இருக்கா. பக்கத்துத் தெரு அத்தை ஒருத்தங்க காலைல எட்டுலேர்ந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் கூட இருக்காங்க, மாசம் 9,000 குடுக்கறோம். மாசம் ஒரு ஊசி, ஜி.எச்.ல ஃப்ரீ. முடி வளர்ந்துடுச்சு. போன தீபாவளிக்கு அவளே கடைக்கு வந்து பச்சை கலர் சேலை எடுத்தா.

நங்கநல்லூர் வாசி:

நான் ஒரு ஹவுஸ் ஓனரா சொல்றேன். என் கீழ் போர்ஷனை இந்த மாதிரி ஒரு அமைப்புக்கு வாடகைக்கு விட்டிருக்கேன், நாலு பெண்கள், கூட ஒரு உதவியாளர். நாலு வருஷம் ஆகப் போகுது.

உண்மையைச் சொல்லணும்னா கேட்டு வந்தப்ப முதல்ல முடியாதுன்னுதான் சொன்னேன். நாம சின்ன வயசுலேர்ந்தே யாரையாவது திட்டணும்னா உன்னைக் கீழ்ப்பாக்கத்துல சேர்க்கணும்னு சொல்லிச் சொல்லியே வளர்ந்தவங்க, அந்த பயம் உள்ளயே இருந்துச்சு. என் மனைவிதான் சொன்னாங்க, பேச்சிலர் பசங்களுக்கு விடறோம், இவங்களுக்கு விடறதுக்கு என்னன்னு. விட்டேன். தெருவுல அஞ்சு வீட்டுக்காரங்க சேர்ந்து வந்தாங்க, குழந்தைங்க விளையாடற தெரு, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு பொறுப்புன்னாங்க. நான் ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிட்டேன், ஆறு மாசம் பாருங்க, ஒரு தப்பு நடந்தாலும் நானே காலி பண்ணச் சொல்றேன்னு.

முதல் மாசத்துல ஒரு நாள் ராத்திரி ஒருத்தங்க சத்தமா பேசிட்டே வாசல்ல நடந்தாங்க, பத்து நிமிஷம் இருக்கும், உதவியாளர் கூடவே நடந்து நடந்து பேசி உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க. நான் கதவைப் பூட்டிட்டு ஜன்னல் வழியா பார்த்துட்டு இருந்தேன், அதை நினைச்சா இப்ப வெக்கமா இருக்கு. அதுக்கப்புறம் மார்கழி வந்துச்சு. அந்த நாலு பேர்ல ஒருத்தங்க, அம்பது வயசுக்கு மேல இருக்கும், யார்கிட்டயும் பேசவே மாட்டாங்க, விடிகாலைல எங்க வாசலுக்கும் சேர்த்து புள்ளிக்கோலம் போட்டாங்க. இருபத்தோரு புள்ளி. ஒரு புள்ளி கூட தப்பல. எதிர்த்த வீட்டு அம்மா, எதிர்த்துப் பேச வந்த அஞ்சு பேர்ல அவங்களும் ஒருத்தங்க, அவங்கதான் முதல்ல வந்து எப்படிங்க போட்டீங்க எனக்கும் சொல்லித் தாங்கன்னு கேட்டாங்க. நாலு வருஷத்துல ஒரு மாசம் கூட வாடகை லேட் ஆனதில்ல. உங்க ஊர்ல வீடு பார்க்கும்போது ஓனர்கிட்ட மறைக்காதீங்க. தெரிஞ்சு விட்டாதான் நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா அவரு உங்க பக்கம் நிப்பார்.

வசந்தா மேடம் 62:

எல்லாரும் நல்லதையே எழுதறீங்க, நான் கொஞ்சம் வேற மாதிரி சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. என் பையனுக்கு 30 வயசு. வீட்லயேதான் வெச்சுப் பார்த்துக்கிட்டேன். முத்திப் போன நேரத்துல என் கையை முறுக்கி எலும்பு விலகிடுச்சு, அன்னைக்கு ஆஸ்பத்திரின்னு ஒண்ணு இல்லாம போயிருந்தா நானும் இருந்திருக்க மாட்டேன் அவனும் இருந்திருக்க மாட்டான். ஆஸ்பத்திரி எல்லாம் வேண்டாம், வீடுதான் வேணும்னு பேசறது கேக்க நல்லா இருக்கு, நடுராத்திரி பன்னெண்டு மணிக்கு யாரு வருவா? அமெரிக்காவுல அப்படித்தானே பண்ணாங்க, 1963ல கென்னடி சட்டம் போட்டு பெரிய ஆஸ்பத்திரிங்களைக் குறைச்சுட்டு ஊருக்கு ஊர் சென்டர் வரும்னாங்க, ஆஸ்பத்திரி காலியாச்சு, சென்டர் சொன்ன அளவுக்கு வரல, எத்தனையோ பேர் தெருவுக்கும் ஜெயிலுக்கும்தான் போனாங்க.

வேப்பமரம்:

வசந்தாம்மா, உங்களை யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க, நீங்க சொல்றதுதான் இதுல ரொம்ப முக்கியம். ஆஸ்பத்திரியே வேண்டாம்னு நான் சொல்லல. முத்திப் போனா பத்து நாளோ இருபது நாளோ அட்மிஷன் வேணும், சட்டமும் அதைத் தடுக்கல, அவரே சம்மதிக்க முடியாத நிலைல இருந்தா 89வது பிரிவுல 30 நாள் வரைக்கும் சேர்க்கலாம். ஆஸ்பத்திரி சிகிச்சைக்கு, குடியிருக்கறதுக்கு இல்ல, நான் சொல்றது அவ்வளவுதான்.

அமெரிக்கா பத்தி சொன்னதும் சரி. ஆனா இத்தாலில த்ரியெஸ்தேன்னு ஒரு ஊரு, அங்க ஃப்ராங்கோ பசாலியான்னு ஒரு டாக்டர் 1971ல மனநல மருத்துவமனைக்குப் பொறுப்பு எடுத்தார், உள்ள ஆயிரத்துக்கு மேல ஆளுங்க. அவர் வெளில ஏற்பாடு பண்ணப் பண்ணத்தான் உள்ள குறைச்சார். ஊருக்குள்ள சென்டர், ராத்திரி தங்கறதுக்கு அங்கயே சில படுக்கை, சின்னச் சின்ன வீடு, வேலைக்கு கூட்டுறவு சங்கம். 1978ல நாடு முழுக்க மனநல மருத்துவமனைகளை மூடறதுக்கு சட்டமே வந்துச்சு. ராத்திரி பன்னெண்டு மணிக்கு கதவைத் தட்டினா திறக்கற ஒரு இடத்தை முதல்ல கட்டினாங்க, அமெரிக்காவுல அதை விட்டுட்டாங்க. நம்ம ஊர்ல ராத்திரி உடனே போன்ல பேச 14416 டெலி மானஸ் இருக்கு, 2022லேர்ந்து, தமிழ்லயே பேசலாம், ஆனா போன் வேற, ஆள் வர்றது வேற. அந்தக் குறை இன்னும் அப்படியேதான் இருக்கு, நீங்க கோவப்படறது நியாயம்.

காவிரிக்கரை தங்கச்சி, இப்போதைக்கு செய்யக் கூடியதைச் சொல்றேன். மாவட்ட மனநலத் திட்டம்னு இருக்கு, உங்க மாவட்ட தலைமை ஆஸ்பத்திரில விசாரிச்சா சைக்யாட்ரிஸ்ட் வர்ற நாளைச் சொல்லுவாங்க, அங்க அண்ணனைக் கொண்டு போய் பதிஞ்சு வைங்க, மாத்திரை இலவசம், அவசரம்னா அவரைத் தெரிஞ்ச டாக்டர் இருப்பார். மாற்றுத்திறனாளி யு.டி.ஐ.டி. கார்டு இல்லைன்னா அதுக்கும் போடுங்க, மனநோயும் 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல இருக்கு. அப்புறம் அம்மாவுக்கப்புறம் யாருன்னு கேட்டீங்கல்ல, நியமனப் பிரதிநிதின்னு ஒண்ணு இருக்கு, சிகிச்சை விஷயத்துல முடிவெடுக்க அவருக்குத் துணையா நிக்கற ஆள், அண்ணன் நல்லா இருக்கும்போதே ஒரு வெள்ளைத் தாள்ல நீங்கதான் தன்னோட பிரதிநிதின்னு எழுதி கையெழுத்து போட்டா போதும், அந்த 2017 சட்டத்துல 14வது பிரிவு. அவரே எழுதணும், நீங்க எழுதி கையெழுத்து வாங்கிடாதீங்க. இதெல்லாத்துக்கும் முன்னாடி இன்னொண்ணு. இவ்வளவு நீளமா எழுதியிருக்கீங்க, அண்ணன் என்ன சொல்றார்னு ஒரு வரி கூட இல்ல. அவர்கிட்ட கேட்டீங்களா?

காவிரிக்கரை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வேப்பமரம் அண்ணா, கடைசியா நீங்க கேட்ட கேள்வியைப் படிச்சிட்டு போனைக் கீழ வெச்சுட்டேன். கேக்கவே இல்ல. 19 வருஷத்துல அவன்கிட்ட மாத்திரை போட்டியா சாப்பிட்டியான்னு கேட்டிருக்கோம், உனக்கு எங்க இருக்கணும்னு ஒரு தடவை கூட கேட்டதில்ல.

சனிக்கிழமை ஊருக்குப் போனேன். சாயங்காலம் தண்ணி புடிச்சு முடிச்சுட்டு திண்ணைல உக்காந்திருந்தான், பக்கத்துல போய் உக்காந்து கேட்டேன், அம்மாவால இனிமே முடியாதுடா, உனக்கு என்ன தோணுதுன்னு. ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல. ரேடியோல ரெண்டு பாட்டு முடிஞ்சிடுச்சு. அப்புறம், சித்தப்பா சொன்ன இடத்துக்கு நான் போக மாட்டேன், அவரு போன்ல பேசினது எனக்குக் கேட்டுச்சுன்னான். அது குரல் கேட்டதோன்னு ஒரு நிமிஷம் நினைச்சேன், இல்ல, நிஜமாவே சித்தப்பா கூடத்துல நின்னு சத்தமாத்தான் பேசியிருக்கார். மூணு வாரமா இவன் அதை மனசுல வெச்சுக்கிட்டே தண்ணி புடிச்சு வெச்சிட்டு இருந்திருக்கான்.

அப்புறம் அவனே சொன்னான், சமைக்க ஒரு ஆள் வந்தா போதும், மாத்திரை டப்பாவை நான் பார்த்துக்கறேன், ராத்திரி மட்டும் யாராவது இருக்கட்டும், அம்மா விழுந்தா என்னால தனியா தூக்க முடியலன்னு. அவன் யோசிச்சது அம்மாவைப் பத்தி.

அந்த வெள்ளைத் தாளை அவன் கையால எழுதிட்டான், பாலிடெக்னிக்ல டிராயிங் போட்ட கை, எழுத்து இன்னும் அச்சு மாதிரி இருக்கு. வியாழக்கிழமை மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போறோம். சித்தப்பாகிட்ட சொன்னேன், கோவப்பட்டார், பரவால்ல. வீட்டுக்காரர் மாசம் எட்டாயிரம் நம்ம பக்கத்துலேர்ந்து குடுக்கலாம்னு சொல்லிட்டார், அம்மா பென்ஷன்ல மிச்சத்தைப் பார்த்துக்கலாம்.

ராம்நாட் தம்பி, உங்க அக்காவைப் பார்த்துக்கற அத்தைக்கு முதல்ல என்னென்ன சொல்லிக் குடுத்தீங்க, எப்படிப் பழக்கினீங்கன்னு கொஞ்சம் விவரமா எழுதுங்களேன். எங்க தெருக்கோடில ஒரு அக்கா இருக்காங்க, கணவர் இல்ல, ராத்திரி வந்து தங்கறேன்னு சொல்றாங்க, ஆனா அவன் குரலோட பேசறதைப் பார்த்தா பயந்துடுவாங்களோன்னு யோசனையா இருக்கு, அதை எப்படி சொல்றதுன்னு தெரியல.

ராம்நாட் தம்பி:

அக்கா நாளைக்கு ஞாயித்துக்கிழமை, அத்தையையே உக்கார வெச்சு கேட்டு எழுதறேன். அவங்க சொன்னாத்தான் சரியா இருக்கும். ஒண்ணு மட்டும் இப்பவே சொல்றேன், எங்க அக்கா தனியா பேச ஆரம்பிச்சா அத்தை குறுக்க போக மாட்டாங்க, பக்கத்துல உக்காந்து கீரை ஆய்வாங்க. பேசி முடிச்சதும் அக்காவும் ஒரு கட்டை எடுத்து ஆய ஆரம்பிச்சிடுவா.